பட்டனுக்கு ஆயுசு கெட்டி

உலகத்தில் இனி எந்தப் பட்டனும் அற்பாயுசில் போகக் கூடாது என்று அவர் சபதம் எடுத்தார். சபதம் என்றால் தானாக எடுத்ததில்லை. மேலாளர் எடுக்க வைத்தார்.

வாஷிங் மெஷின் செய்கிற தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே எல்லாருக்கும் அவர் பட்டன்காரர். மெஷினின் நெற்றியில் இருக்கிற அந்த ஒற்றைப் பட்டன்தான் அவர் பொறுப்பு. அது சாமானியப் பட்டன் இல்லை. மெதுவாகத் தொட்டால் மெஷின் துணியைப் பூப்போலத் துவைக்கும். பலமாக அழுத்தினால் அடித்துத் துவைக்கும். மேலே வழவழப்பாக ஒரு பிளாஸ்டிக் தாள், அடியில் கறுப்பு ரப்பர். ரப்பர் எவ்வளவு நசுங்குகிறதோ அவ்வளவு மின்சாரத்தை விடும். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஆனால் வாங்கிப் போனவர்கள் வீட்டில் அந்த ரப்பர் சீக்கிரமே பள்ளம் விழுந்து, தொட்டாலும் ஒன்று, குத்தினாலும் ஒன்று என்று மரத்துப் போயிற்று. மெஷின்கள் வரிசையாகத் திரும்பி வந்தன.

தொழிற்சாலையில் மட்டும் அது சாகவே சாகாது. அங்கே ஒரு இரும்பு விரல் பட்டனை ஓயாமல் குத்திச் சோதிக்கும். நட்டநடுவில், ஒரே சீராக, கொஞ்சம்கூட ஈரமில்லாமல் குத்தும். வீட்டில் யார் அப்படி அழுத்துகிறார்கள்? ஈரக் கையால் அழுத்துவார்கள், நகத்தால் அழுத்துவார்கள், இரண்டு கையிலும் துணி இருந்தால் முழங்கையால் ஒரு இடி இடிப்பார்கள்.

"இந்தத் தடவையும் பட்டன் திரும்பி வந்தா நீங்க பெட்டி ஒட்டுற பிரிவுக்குப் போயிடுங்க. அங்க டேப்பை மட்டும் அழுத்துனா போதும்" என்றார் மேலாளர்.

அன்றிலிருந்து பட்டன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்கு முன்பும் பெரிதாக ஆடிக்கொண்டிருக்கவில்லை என்பது வேறு விஷயம். சாப்பிட உட்கார்ந்தால் பெருமூச்சு, பல் தேய்த்தால் பெருமூச்சு. இந்த வயதில் பெட்டி ஒட்டப் போவதா என்று நினைத்தால் அவருக்கு நிஜமாகவே தூக்கம் போயிற்று. தாளுக்கும் ரப்பருக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு ஏடு வைத்துப் புதுப் பட்டன் ஒன்று செய்துவிட்டார். அது தாங்குமா என்று பார்க்க, இரும்பு விரலைவிட மோசமான ஒரு விரல் வேண்டியிருந்தது.

அந்தக் கவலையோடு வீட்டுக்கு வந்தால், மனைவி டி.வி. ரிமோட்டைக் கட்டை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பல ரிமோட்டுகள் அந்த விரலுக்குப் பலியாகியிருந்தன. அழைப்பு மணியின் பட்டன் சுவருக்குள்ளேயே போய்விட்டது. மிக்சியின் குமிழ் கையோடு வந்துவிட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து சோபாவில் உட்கார்ந்திருக்கிறதே என்று பட்டன்காரர் மெய்மறந்து நின்றார்.

உடனே பால்கனிக்குப் போய் அலுவலக நண்பரைப் போனில் பிடித்தார். "வீட்லயே ஒரு மெஷின் இருக்குப்பா. அவ கட்டை விரல்கிட்ட நம்ம இரும்பு விரல் பிச்சை வாங்கணும்" என்றார். ரகசியம் பேசுவதாக அவருக்கு நினைப்பு. அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்கு மட்டும்தான் கேட்காது.

மறுநாள் வீட்டு மெஷினில் புதுப் பட்டனைப் பொருத்தினார். பழசு அழகாக இல்லை, அதனால்தான் மாற்றுகிறேன் என்று ஒரு பொய்யையும் கூடவே பொருத்தினார். இது உடைந்தால் என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். வேலை போய்விடும் என்று வாய் தவறிச் சொல்லி, ஒரு பெருமூச்சும் விட்டார். அவள் பட்டனை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் எந்தத் துணியும் சுத்தமாக இருக்கவில்லை. பட்டனுக்கு வேலை வைக்க அவரே சட்டையில் டீயைக் கவிழ்த்தார். படுக்கை விரிப்பால் சைக்கிள் செயினைத் துடைத்தார். கழுவி வைத்த ஜன்னலை மறுபடி திரைச்சீலையால் துடைத்தார். மனைவி ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள். மாலையில் அவர் திரும்பி வரும்போது துணிகள் வெள்ளை வெளேரென்று கொடியில் தொங்கும். அவர் குளியலறைக்கு ஓடிப் போய்ப் பட்டனைப் பார்ப்பார். ஒரு கீறல் இருக்காது.

சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் அதற்கும் கவலைப்பட்டார். நல்லது நடந்தால் பின்னாலேயே கெட்டது வரும் என்பது அவர் சித்தாந்தம். ஆனாலும் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, முரட்டுக் கைக்கே பட்டன் தாங்கிவிட்டது என்று மேலாளரிடம் சொன்னார். மேலாளர் அவர் தோளில் தட்டி, நாளைக் காலையில் பட்டனைக் கழற்றிக்கொண்டு வாருங்கள், உற்பத்திக்குச் சொல்லிவிடலாம் என்றார்.

அன்று மாலை பட்டன்காரர் ஏறக்குறையச் சிரித்த முகத்தோடு படியேறினார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா வழிமறித்தாள்.

"அண்ணே, நீங்க அந்த கம்பெனிதானே? எங்க வாஷிங் மெஷின்ல பட்டன் உள்ள போயிருச்சு. ஒண்ணு கொண்டாந்து போட்டுக் குடுங்கண்ணே."

"எப்படிம்மா போச்சு?"

"அக்காதான் அழுத்துனாங்க. அவங்கமேல தப்பு சொல்லலை. தினம் மூட்டை மூட்டையா உங்க வீட்டுத் துணி வருதுல்ல, மெஷினும் எவ்வளவுதான் தாங்கும்? அக்கா பதிலுக்கு எனக்குச் சட்டைக்கெல்லாம் பட்டன் தச்சுக் குடுக்கறாங்க. அவங்க தச்சா அப்படி ஒரு கெட்டி."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். பட்டன்காரருக்கு அந்தப் பழமொழியின் முழு அர்த்தமும் மாடிப்படியில் வைத்து விளங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக மேலே வந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம மெஷின்ல நீ துவைக்கவே இல்லையா?"

"இல்லை."

"ஏன்?"

"உடைஞ்சா உங்க வேலை போயிடும்னீங்க. அப்புறம் ஆயுசு பூரா என்ன சொல்லுவீங்க? இவ விரலாலதான் என் பொழப்பு போச்சும்பீங்க. உடையலைன்னா பேரு உங்களுக்கு. உடைஞ்சா பழி எனக்கு. அதான் பக்கத்துலயே போகலை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மெஷின் எங்கயாவது வாயைத் திறந்து பேசுமா?"

அவள் சட்டையின் கையை மடித்த விதத்திலேயே, பால்கனிப் பேச்சு அவளை எவ்வளவு சுட்டிருக்கிறது என்று தெரிந்தது. அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்படவும் அப்போது நேரமில்லை. விடிந்தால் மேலாளர் காத்திருப்பார். ஒருத்தர்கூட அழுத்திப் பார்க்காத பட்டனை ஊரெல்லாம் அனுப்பி, அத்தனையும் திரும்பி வந்தால் பெட்டி ஒட்டுகிற பிரிவில்கூட இடம் கிடைக்காது. நீயாவது வந்து ஒரு தடவை அழுத்திக் காட்டு என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். உங்க பட்டன், உங்க விரல் என்றாள்.

வேறு வழியில்லாமல் அவரே குளியலறைக்குப் போனார். அவளும் பின்னால் வந்து கதவோரம் நின்றாள். அவர் மெதுவாகத் தொட்டார். மெஷினில் விளக்கு எரிந்தது. ஈரக் கையால் தொட்டார். எரிந்தது. கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்ததும், இத்தனை நாள் பயம், மேலாளரின் பேச்சு, தையல்காரம்மாவின் மூட்டை எல்லாம் சேர்ந்து கட்டை விரலில் வந்து இறங்கியது. நகத்தோடு சேர்த்து ஓரத்தில் ஒரு அழுத்து அழுத்தினார்.

'டக்' என்று ஒரு சத்தம். தாள் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. அவர் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். எல்லாம் ஒன்றாகவே இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"நல்லவேளை, நான் தொடலை."