ஒழுகும் கம்பெனியும் லீக்கேஜ் சாரும்

நாவலூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், லீக்கேஜ் சார் தலையாட்டாமல் யாரும் ஒரு குக்கர்கூட வாங்குவதில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் குழாய், வால்வு பிரிவில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கக் கசிவைத் தேடிய மனிதருக்கு எதைப் பார்த்தாலும் அதே கண். கல்யாணத்துக்குப் போனால் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், இவர் மண்டபத்துக் கூரையைப் பார்ப்பார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு ஞாபகமிருந்தால் உண்டு.

எனக்கு ஒரு ஆசை வந்தது. கடலில் மீன் கூட்டம் எங்கே இருக்கிறதென்று படகிலிருந்தே காட்டும் கருவியைச் செய்கிற கம்பெனி ஒன்று, எங்கள் பின் தெருவில் முதலீடு தேடிக்கொண்டிருந்தது. மதுராந்தகத்தில் என் மனைவி சுமதியின் பெயரில் இருந்த மனையை விற்று அதில் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

"லீக்கேஜ் சார் பார்த்துச் சொன்னாத்தான் என் கையெழுத்து" என்றாள் சுமதி.

கூட்டிப் போனேன். வரவேற்பறையில் ஊஞ்சல். காபி இயந்திரம் மட்டும் ஒரு சின்ன ரயில் இன்ஜின் அளவு இருந்தது. முதலாளி இளைஞர் திரையில் படம் காட்டினார். லாபக் கோடு திரையைத் தாண்டி விட்டத்தில் ஏறியது. சார் "பாத்ரூம் எங்கப்பா?" என்று எழுந்து போனவர் திரும்பவே இல்லை. போய்ப் பார்த்தால், பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு ஃப்ளஷ் டேங்கைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"தண்ணி போய்க்கினே கீது. இத்தினி பேர் இருந்தும் ஒருத்தன் பாக்கல!"

மறுநாள் திருவிடந்தைக் கடற்கரையில் கருவிக்குச் சோதனை. அது சொன்ன இடத்தில் வலை போட்ட படகுக்காரர், கரைக்கு வந்ததும் கத்தினார்: "அண்ணாத்த, மிஷினு சொன்ன எடத்துல மீனு கீது!"

நான் மணலில் குதித்தேன். முதலாளி செல்ஃபி எடுத்தார். கருவியைச் செய்த பெண் தமிழரசி, தொப்பலாக நனைந்தபடி வயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சார் முதலாளியிடம் போனார். "தம்பி, இன்னிலேர்ந்து வெளி ஆளுங்க போடற டப்பு ஒண்ணும் வரலன்னு வெச்சிக்கோ. எத்தினி மாசம் தாங்குவ?"

"நாங்க நெகட்டிவா யோசிக்கிறதில்ல அங்கிள்."

"இதுவரைக்கும் எத்தினி மிஷினு வித்த?"

"விற்பனை அடுத்த கட்டம் அங்கிள். முதல்ல துபாய்ல ஆபீஸ்."

சார் தமிழரசி பக்கம் திரும்பினார். "உனக்கு சம்பளம் வந்துச்சாம்மா?"

"இன்னும் வரல சார்" என்று அவள் அடுத்த வயரை எடுத்தாள்.

திரும்பி வரும்போது சார் சொன்னார்: "மிஷினு நல்லாத்தான் கீது. கம்பெனிதான் ஒழுவுது. மனைய விக்காத."

எனக்கு வந்த கோபத்தில், அவரோடு லிஃப்ட்டில் போக நேரிடுமே என்று ஆறாவது மாடிக்குப் படியேறினேன். கால் வலி மிஞ்சியது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. பணம் போட்டவர்கள் வாட்ஸப்பில் குழு ஆரம்பித்துப் புலம்பினார்கள். நான் வீட்டில் நிம்மதியாக மோர் சாதம் சாப்பிட்டேன்.

நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனால், கூடமெல்லாம் வயர். நடுவில் உட்கார்ந்து தமிழரசி அவற்றை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருக்கிறாள். புதிதாக ஒரு கருவி, சொந்தத் தொழில். சார்தான் பணம் போட்டிருக்கிறார்!

"என்னைத் தடுத்துட்டு நீங்க போட்டீங்களா?"

"அவன்கிட்ட போடலப்பா, இவகிட்ட போட்டேன். பழுது எங்கன்னு இவளே தேடுறா."

"இதுவும் போச்சுன்னா?"

"போவட்டும். அப்பவும் என் வூட்ல நாஸ்தா உண்டு. நீ பொண்டாட்டி மனைய இல்ல விக்கப் போன?"

போன வாரம் திருவிடந்தைக் கோயிலுக்குப் போனோம். அந்தப் பெருமாளிடம் எல்லோரும் கல்யாணம் நடக்க வேண்டுவார்கள். நான் லீக்கேஜ் சாரின் ஆயுசுக்கு வேண்டிக்கொண்டேன். வெளியே வந்து கேட்டால், சுமதியும் அதையேதான் வேண்டியிருக்கிறாள்.