நகமளவு லிவர்வொர்ட்

தாவரவியலில் முதல் வகுப்பில் தேறிய நான், ஒரு செடியை இன்னொரு செடி என்று நினைத்து ஒரு மாதத்துக்கு மேல் வளர்த்திருக்கிறேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் தம்பி சொன்னால் இன்னும் நீளும்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். அப்பாவின் உத்தியோகத்துக்காக நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கிழக்கேகோட்டைப் பக்கம் குடியிருந்தோம். நான் ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்புகளைக் கவனிக்கும் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர். (தற்காலிகம் என்பதை வீட்டில் யாரும் வெளியே சொல்வதில்லை.)

எங்கள் பேராசிரியர் வித்துராவைத் தாண்டி ஓர் ஓடைக்கரையில், மரப்பட்டையில் ஒட்டியிருந்த ஒரு லிவர்வொர்ட்டைக் கண்டெடுத்தார். பாசிக்குத் தூரத்துச் சொந்தம். நகமளவு படர்ந்திருக்கும், இலைகள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. புதிய இனமாக இருக்கலாம் என்று அவர் நம்பினார். உலர்ந்தால் சில அடையாளங்கள் மறைந்துவிடும் என்பதால் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. மதராஸிலிருந்து இத்துறையில் பெயர்பெற்ற ஓர் அம்மையார் ஜூனில் பார்க்க வருவதாக ஏற்பாடு. கோடை விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே செடி என் வீட்டுக்கு வந்தது. அது பிழைத்தால் என் வேலையும் நிலைக்கும் என்று பேராசிரியர் கோடிகாட்டினார்.

பின்னறையின் நிழலான மூலையில், ஈரமணல் பரப்பிய தட்டில் பட்டையை வைத்துக் கண்ணாடிக் குடுவையால் மூடினேன். மழைத்தண்ணீரைப் பிடித்து, காய்ச்சி, ஆறவைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அந்த அறையில் அப்பா மூக்குப்பொடி போடக்கூடாது என்று உத்தரவிட்டேன். இது துவையலுக்கு ஆகுமா என்று அம்மா ஒருமுறை கேட்டாள். ஆகாது என்றதும் அவளுக்கு அதன்மேல் இருந்த மதிப்பு போய்விட்டது.

மே மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். மூன்று நாள் செடியை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு மடங்கு அடர்த்தி. நோட்டில் ‘அபாரமான வளர்ச்சி’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். காரணம் காய்ச்சிய மழைநீர் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கமும் எழுதினேன். லென்ஸ் மேஜையிலேயே இருந்தது. அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஜூனில் கல்லூரி திறந்ததும் செடியை அங்கே கொண்டுபோனேன். அம்மையாரும் வந்தார். பேராசிரியரும் நான்கு ஆசிரியர்களும் சுற்றி நின்றார்கள். நான் வளர்ப்பு முறையைப் பதினைந்து நிமிடம் விளக்கினேன். அவர் ஓர் இலையைக் கிள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இலைக்கு நடுநரம்பு இருக்கேம்மா" என்றார்.

இந்த வகை லிவர்வொர்ட்டின் இலைக்கு நடுநரம்பு கிடையாது. முதல் வருட மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

"இது கிணத்துச் சுவர்ப் பாசி. ரொம்ப நல்லா வளர்த்திருக்கே" என்றும் சொன்னார். கேலி இல்லை, மனதாரத்தான் சொன்னார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஊருக்குப் போன மறுநாள், பாவம் வாடுகிறதே என்று அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். செடி கறுத்துப்போனது. நான் அழுவேனே என்று கிணற்றடியில் சுரண்டி எடுத்து அதே பட்டையில் ஒட்டிவிட்டாள்.

"எனக்கு என்ன தெரியும் மக்களே, ரெண்டும் பச்சையாத்தான இருந்து. நீயும் ஒண்ணும் கேக்கல்லியே."



அந்த வேலை நிலைக்கவில்லை. அடுத்த வருடம் தென்னை ஆராய்ச்சிக்குப் போய், அதிலேயே ஓய்வும் பெற்றேன். தென்னையை யாரும் தெரியாமல் மாற்றி வைக்க முடியாது.

என் கல்யாணத்தன்று, பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தம்பி நிதானமாகச் சொன்னான்: "அத்தான், பெண் பார்க்க வந்தது நீங்கதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இடையில அம்ம ஆள மாத்தியிருந்தா அக்காவுக்குத் தெரியாது."

முப்பத்தெட்டு வருடமாகிறது. நான் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், என் கணவர் பேப்பரை இறக்கிவிட்டு, "பழைய ஆளுதான்" என்கிறார்.