டச்சுத் துரையை வெளியே விட்ட பறிவாய் அக்கா

உலகத்தில் நின்றுபோன பொருள்கள் இரண்டே வகை. பறிவாய் அக்கா தொட்டவை, பறிவாய் அக்கா இன்னும் தொடாதவை. முதல் வகை ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் வகை, அவர் ஏரியிலிருந்து கரையேறும்வரை காத்துக் கிடக்கும். பழவேற்காட்டில் எங்களில் யாருக்கும் இதில் சந்தேகம் இருந்ததில்லை. நெஞ்சு நின்றவர்களை மட்டும் ஏன் அக்காவிடம் கொண்டுபோகாமல் புதைத்துவிடுகிறோம் என்று எனக்கு வெகுநாள் ஒரு கேள்வி இருந்தது.

அக்காவுக்கு ஊர், பழவேற்காட்டை ஒட்டிய தோணிரேவு. தொழில், கையால் இறால் பிடிப்பது. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளையும் சேற்றுக்குள் அலையவிட்டு, அகப்பட்டதை ஓலைக்கூடையில் போட வேண்டும். அந்தக் கூடைக்குப் பறி என்று பெயர். கைகள் வேலையாக இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். காலையிலிருந்து வெயில் சாயும்வரை வாய் திறக்க வழியில்லை. அத்தனை நேரம் அடைபட்ட பேச்செல்லாம் கரையேறியதும் மதகு உடைத்துக்கொண்டு வரும். அதனால்தான் அவர் பறிவாய்.

இன்னொரு வழக்கம், எதைத் தொட்டாலும் கண்ணை மூடிக்கொள்வார். கத்தரிக்காய் வாங்கும்போதும் அப்படித்தான்.

"கண்ணத் தொறந்தா கைக்குப் பொறாம வந்துடும்டா. அப்பால அது வேல செய்யாது."

டீக்கடை ரேடியோ ஒருநாள் செய்தியின் நடுவே ஊமையானது. அக்கா கண்ணை மூடி, பின்பக்க ஓட்டையில் கையை விட்டு, கரப்பான்பூச்சிக் குடும்பம் ஒன்றைக் கொத்தாக எடுத்து வெளியே போட்டார். ரேடியோ விட்ட சொல்லிலிருந்தே மறுபடி படித்தது என்று டீக்கடைக்காரர் இன்றும் சத்தியம் செய்கிறார். ரேஷன் கடைச் சுவர்க்கடிகாரத்தைத் தடவிப் பார்த்து, "ஆயுசு முடிஞ்சிபோச்சி, எறக்கிடு" என்றார். அதன்பிறகு அது ஓடவேயில்லை. உண்மையில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, அக்கா சொல்லிவிட்ட மரியாதைக்காக நின்றது என்போரும் உண்டு.

இனி எங்கள் கார். பக்கத்துக் காட்டுப்பள்ளியில் துறைமுகம் என்ற சொல்லே முளைக்காத காலம் அது. எங்கள் நைனா படகுக்காரர். அவருக்கு ஒரு பழைய அம்பாசடர் வாய்த்தது. ஓட்டுகிறவன் நான். நைனாவைப் பொறுத்தவரை அதுவும் சக்கரம் வைத்த படகுதான். வந்த மறுநாளே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, படகுப் பலகை இடுக்கில் பூசுவதுபோலக் காரில் எங்கெல்லாம் இடுக்கும் ஓட்டையும் கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் பூசினார். கண்ணாடி ஓரம், விளக்கு ஓரம், கதவு ஓரம்.

"உப்புக் காத்துக்கும் தண்ணிக்கும் இனிமே இதுல ஜோலி இல்ல" என்று கையைத் துடைத்துக்கொண்டார். மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வெயிலில் நாங்கள்தான் உள்ளே அவிந்தோம்.

என் தங்கை சின்னிக்கு மாப்பிள்ளை அனுப்பம்பட்டில் கிடைத்தார். அவர் அம்மா ஸ்டேஷனுக்கு எதிர்வீட்டில் வாழ்க்கைப்பட்டு, வாழ்நாள் முழுவதும் ரயில் வரும் நேரம் பார்த்தே குழம்பு வைத்தவர். நிச்சயதார்த்தத்துக்கு அவர்களை நான் காரில் ஏற்றிவந்தேன். வழியில் பொன்னேரி பங்க்கில் கழுத்துவரை பெட்ரோல். பழவேற்காட்டில் பங்க் கிடையாது. பொன்னேரிக்குப் போனால் வழியவழிய ஊற்றிக்கொண்டு வருவதுதான் எங்கள் பழக்கம். கார் உப்புக்காற்றைக் கிழித்துக்கொண்டு, நாரைகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் திக்கியது, திணறியது, நின்றது. நின்ற இடம் டச்சுக்காரர் கல்லறை வாசல்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடல் தாண்டி வந்து துணி வாங்கிக் கோட்டை கட்டிச் செத்துப்போன துரைகளும் துரைசானிகளும் அங்கே பூப்போட்ட கற்களுக்கு அடியில் படுத்திருக்கிறார்கள். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். நிச்சயதார்த்தத்துக்கு வருகிற கண்களுக்கு ஏற்ற காட்சி அல்ல.

சாவியைத் திருகினேன். கார் இருமியது, ஆனால் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடி வழியாக எலும்புக்கூட்டைப் பார்த்தார். எலும்புக்கூடு அவரைப் பார்த்தது.

"எங்க ஊர்ல ரயிலு கூட சொல்ட்டுத்தான் நிக்கும்பா."

கூட்டம் சேர்ந்தது. யாரோ தேங்காய்க்கு ஓடினார்கள், யாரோ கற்பூரத்துக்கு. "தொரைக்கு இன்னாத்துக்குத் தேங்கா? பன்னு வையி, சுருட்டு வையி" என்றார் டீக்கடைக்காரர், அவர் கடையில் இரண்டும் இருந்ததால். பூசை முடிந்து நான் சாவியைத் திருகினால், வண்டி ஒன்றுமே நடக்காததுபோல உறுமியது. அவ்வளவுதான், துரை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது.

கல்யாணப் புடவை எடுக்கப் போய்த் திரும்பியபோதும் அதே கதை. அதே பங்க், அதே கழுத்துவரை பெட்ரோல், அதே வாசல், அதே தேங்காய். இம்முறையும் பின்சீட்டில் அந்த அம்மா. அவர் நைனாவிடம் அமைதியாகச் சொன்னார்:

"சம்மந்தி, ரெண்டு தபா எடுகாட்டுல நின்னாச்சு. முகூர்த்தத்தன்னிக்கு இதே வண்டியில, இதே வழியில எம்புள்ள வருவான். நிக்காம போனா தாலி. நின்னா, அப்பிடியே வண்டிய அனுப்பம்பட்டுக்குத் திருப்பிக்கிறோம்."

சின்னி அன்று சாப்பிடவில்லை. அவளுக்கு அந்த மாப்பிள்ளையை அத்தனை பிடித்திருந்தது. "வேற யாரையும் பாக்காதீங்க. எனக்கு அவருதான், இல்லன்னா யாரும் வாணாம்" என்று மட்டும் சொன்னாள். நைனா படகு கவிழ்ந்தாலும் கலங்காதவர். அன்று காரின் மட்கார்டில் தலையை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பொன்னேரி மெக்கானிக் நல்ல மனிதர், கெட்டிக்காரர். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பாயின்ட் மாற்றினார், காயில் மாற்றினார், பெட்ரோல் பம்ப்பைப் பிரித்துப் பூட்டினார். கடைசியில் கையை விரித்தார்.

"எங்கிட்ட வரப்ப குதிர மாதிரி வருது. நின்ன வண்டிய இட்டாந்தா பாக்கலாம். ஓடற வண்டில இன்னாத்தப் பாக்கறது?"

நியாயமான கேள்வி. ஆனால் நின்ற வண்டியை அந்த வாசலில் தொட்டுப் பார்க்க எவருக்குத் தைரியம்? நின்றவுடன் எல்லோரும் தேங்காய்க்கு அல்லவா ஓடினோம்!

மறுநாள் மதியம் எங்கள் வாசலில் தண்ணீர் சொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அக்கா. பறியை வாயிலிருந்து இறக்கினார்.

"காரு எங்கடா?"

நைனா முகத்தைச் சுளித்தார். "ந்தா, எறா புடிக்கிறவளுக்குக் காருல இன்னா வேல?"

"அண்ணே, எறா நீந்தறப்போ எவனாலயும் புடிக்க முடியாது. அது பயந்து எங்க போவும்? நம்ம காலு பதிஞ்ச பள்ளத்துலயே போய்க் குந்திக்கும். குந்தின எடத்துல கைய உடணும். நீங்க அது ஓடறப்பல்லாம் தொரத்திகினு கீறீங்க." காரை ஒரு சுற்றுத் தடவினார், கண் மூடியபடி, மாட்டைத் தடவுவதுபோல. "இப்ப இதுக்கு ஒண்ணுமில்ல. தம்பி, பொன்னேரிக்குப் போய் எப்பவும் போல எண்ண ஊத்திகினு வா. எப்பவும் போல. நான் தொர வூட்டு வாசல்ல நிக்கிறேன்."

"ஏறிக்கோங்க அக்கா, சேர்ந்தே போலாம்" என்றேன்.

"ஈரத் துணிடா. சீட்டு பாழாவும்" என்று திரும்பி நடந்தார்.

நான் போய் ஊற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் நெஞ்சில் ஒரு விசித்திர வேண்டுதல்: கடவுளே, வண்டி நிற்க வேண்டும். ஊர் எல்லையில் திக்கியது, திணறியது, நின்றது. அக்கா இரண்டு எலும்புக்கூடுகளுக்கு நடுவில், மூன்றாவதாக இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். ஊரே அவருக்குப் பின்னால். நைனாவும் வந்திருந்தார், சின்னியும்.

"எவனாவது கற்பூரம் கொளுத்துனா, தொலச்சிடுவேன்! பெட்ரோல் வண்டிடா, தொர கூடவே படுத்துக்குவீங்க!"

பிறகு பறியைக் கவ்விக்கொண்டார். கண் மூடினார். வேலை என்றால் அவருக்கு வாயில் பறி இருந்தாக வேண்டும், அது காலியாக இருந்தாலும். இனி "ம்ம்" மட்டும்தான். கையால் சைகை காட்டினார், ஹாரன் அடித்தேன். அலறியது. "ம்ம்." உயிர் இருக்கிறது என்று பொருள். பானெட்டைத் தூக்கி எஞ்சினுக்குள் கையை விட்டார். சூட்டில் அந்த விரல்கள் சேற்றுக்குள் போவதுபோலவே போயின: அவசரமில்லாமல், எதையும் மிரட்டாமல். கார்புரேட்டருக்கு வரும் குழாயைப் பிடுங்கிக் காட்ட, நான் சாவியைத் திருகினேன். குழாயின் வாய் வறண்டிருந்தது. ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை.

அக்கா தரையில் சரிந்து, அந்தக் குழாயைப் பிடித்தபடியே காரின் அடியில் பின்பக்கமாக ஊர்ந்தார். நாங்கள் மூச்சுவிட மறந்தோம். ஏரி கூட அலையடிக்காமல் எட்டிப் பார்த்தது என்பேன், நம்புவது உங்கள் விருப்பம். பின்னால் எழுந்து டாங்க்கைத் தட்டினார். கனத்த சத்தம். பறியை இறக்கினார்.

"வவுறு முட்டக் கீது. வாய்க்கு வர்ல. நடுவுல குழாயில அடப்பு இல்ல. அப்ப எவன் புடிச்சி இஸ்துகினு கீறான்?"

டாங்க் மூடியில் கைவைத்தார். திருகினார்.

"உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

நீளமான, குளிர்ந்த, முந்நூறு வருடத்துப் பெருமூச்சு. கூட்டம் அலறிக்கொண்டு பின்வாங்கியது. "தொர வெளிய வந்துட்டாரு!" என்று கத்திய டீக்கடைக்காரர் சுருட்டுப் பெட்டியோடு விழுந்தார். அக்கா மட்டும் அசையவில்லை.

"வெளிய வர்ல. உள்ள போச்சி. காத்துடா! தம்பி, குழாய மாட்டிட்டுத் திருப்பு."

வண்டி இரண்டு இருமலில் பிடித்துக்கொண்டது. அக்கா மூடியின் உட்புறத்தைக் கட்டைவிரலால் வருடி, முகர்ந்து, நைனாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இன்னா வாசன அண்ணே?"

நைனாவின் குரல் உள்ளே போயிருந்தது. "குங்கிலியம். சின்னதா ஒரு ஓட்ட இருந்திச்சி. தண்ணி பூந்துடும்னு அடச்சேன்."

"எளநீக்கு ஒரே ஓட்ட போட்டுக் கவுத்துப் பாரு, கொடகொடன்னு வருமா? எறங்குற எண்ணைக்குப் பதிலா மேல காத்து பூரணும். வழியவழிய ஊத்தினா உள்ள மூச்சு உட எடமே கம்மி. பொன்னேரிலேர்ந்து இந்த வாசல் வரிக்கும் தம் கட்டி வருது, பாவம். நீங்க தேங்கா ஒடைக்கிற நேரத்துல எங்கனா கசிஞ்சி கொஞ்சம் காத்து பூந்துக்கும், கெளம்பிடும்." கொண்டை ஊசியை உருவி, அடைப்பைக் குத்திச் சுரண்டி எடுத்தார். "படகுல ஓட்ட இருந்தா சாவு. இதுல ஓட்ட இல்லன்னா சாவு. ரெண்டும் ஒண்ணில்ல அண்ணே."

சின்னி ஓடிவந்து அக்காவின் கிரீஸ் படிந்த கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கலீஜு கைடி, மூஞ்செல்லாம் ஆவும்" என்று பிடுங்கிக்கொண்டார்.

முகூர்த்த நாள். பொன்னேரியில் வேண்டுமென்றே கழுத்துவரை ஊற்றினேன். முன்சீட்டில் மாப்பிள்ளை, பின்சீட்டில் அவர் அம்மா. ஊர் எல்லை வந்ததும் அந்த அம்மா முன்சீட்டைப் பற்றிக்கொண்டார். கல்லறை வாசலில் ஊர் நின்றது. துரை மனம் மாறிவிட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று கைகளில் தேங்காயோடு. அவர்களுக்கு நடுவில் அக்கா, நேராக ஏரியிலிருந்து வந்த கோலத்தில், பறியைக் கவ்வி, கண்ணை மூடி. காரைப் பார்க்கக்கூட இல்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கார் வாசலைக் கடந்தது. சீராக, அலட்டாமல், அன்னம்போல.

"நிறுத்துப்பா!" என்றார் பின்னாலிருந்து அந்த அம்மா.

நிறுத்தினேன். கூட்டத்தில் தேங்காய்கள் உயர்ந்தன.

"தொரைய வெளிய உட்டது அந்தம்மா தானா?"

"அவங்கதான்."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். "ஏறும்மா, கல்யாணத்துக்கு."

அக்கா பறியை இறக்கினார். "ஈரத் துணிங்க. சீட்டு..."

"ரயில்ல எறா கூடைக்காரங்க மடிமேல மடி வெச்சிதான் நான் காலம்பூரா போயி வந்தேன். பேசாம ஏறு."

அக்கா ஏறினார். பறி மடியில், உள்ளே உயிருள்ள இறால்கள் துள்ளின. மாப்பிள்ளை மாலை வாசனை தோற்றுப்போனது. கார் நகர்ந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு முதலில் சீட்டைத் தடவினார், பிறகு கதவை, பிறகு கூரையை. கடைசியில் என் சீட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்து அப்படியே இருந்தார். நின்றுபோன பொருள்களை மட்டுமே தொட்டுப் பழகிய கை.

"தம்பி" என்றார் மெதுவாக, அதுவரை நான் கேட்டிராத குரலில். "ஓடறப்ப இப்பிடித்தான் இருக்குமா?"

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் வீட்டுப் பக்கம் திருப்பாமல், ஏரிக்கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.