ஷாஃப்ட் வந்துருச்சாப்பா?

துடியலூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மேக்னாவுக்கு, அப்பா நரசிம்மலு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அம்மா பங்காரம்மாவும் நலம். அங்கு மண்டபம் கடற்கரையில் நீயும், உன் ஆராய்ச்சிப் படகும், நீ எண்ணிக்கொண்டிருக்கும் கடல்புல்லும் நலமாயிருக்க வேண்டுகிறோம். நம் வீட்டில் பேசுகிற தெலுங்கை எழுத நம்மில் யாருக்கும் வராது என்பதால் வழக்கம்போலத் தமிழிலேயே எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சரிப்பா, வெச்சுரட்டுமா" என்கிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எழுதுகிறவன் முடிக்கிறவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் நீ பார்சல் லாரியில் அனுப்பிய படகு மோட்டாரைப் பற்றியது. "ஸ்பேர் மோட்டார்தான்ப்பா, அவசரமே இல்ல. பாறையில அடிச்சு உள்ள டிரைவ் ஷாஃப்ட் ஒடஞ்சுருச்சு. ஒடஞ்ச துண்ட மட்டும் எடுத்துக் குடுங்க, புதுச நாங்க போட்டுக்கறோம்" என்று நீ சொன்னபோது, ஆயுள் முழுக்கப் பம்ப் செட்டோடு மல்லுக்கட்டியவனுக்கு இது எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன். வந்து இறங்கியதைப் பார்த்தால் மேலே எஞ்சின், கீழே விசிறி, நடுவில் நெட்டையாக ஒரு கால், அதற்குள்தான் எஞ்சின் சுற்றை விசிறிக்குக் கொண்டுபோகும் அந்த ஷாஃப்ட். லேத் பட்டறை சிக்கந்தர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஏனுங்க, போர்வெல் மோட்டாரத் தலைகீழா நிக்க வெச்சாப்பல இருக்குதுங்க" என்றான். உன் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அத ஊட்டுக்குள்ள கொண்டாந்தீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்" என்றாள். வாசலிலேயே வைத்து அடிப்பாகத்து போல்ட்டுகளைக் கழற்றினோம். ஷாஃப்டின் கீழ்த்துண்டு கியர் பெட்டியோடு கையோடு வந்துவிட்டது. மேல்துண்டுதான் எஞ்சினுக்குள் உப்புத் துருவில் இறுகிப்போய், வாடகை பாக்கிக்காரன் மாதிரி உள்ளேயே தாழ்போட்டுக்கொண்டது.

முதலில் டீசல் ஊற்றி ஊறவைத்தோம், அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம், அதற்கும் அசையவில்லை. உன் அம்மா குளிர்காலக் கால்வெடிப்புக்கு வைத்திருந்த விளக்கெண்ணெயை அவளுக்குத் தெரியாமல் எடுத்து ஊற்றினேன், ஷாஃப்ட் வரவில்லை, அவள்தான் வந்தாள். பிறகு சிக்கந்தர் துண்டின் முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து இழுத்தான், நட்டு மட்டும் பறந்துபோய் பக்கத்து வீட்டு முருங்கைமரத்தில் விழுந்தது. அதன்பிறகு போர் மோட்டார் தூக்குகிற தம்பிதுரையைப் பல்லடத்திலிருந்து வரவழைத்தேன். அவர் மூன்று கம்பங்களைக் கூம்பாக ஊன்றி, செயின் பிளாக் போட்டு, "எத்தனையோ அடிக்குக் கீழ கெடந்ததையெல்லாம் எடுத்துப்போட்டேனுங்க, இது முழ நீளங்கூட இல்லீங்களே" என்று சங்கிலியை இழுக்க, மொத்த மோட்டாரும் கிளம்பி வாசலில் அந்தரத்தில் தொங்கியது. போகிற வருகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, எத்தன அடில தண்ணி வந்துதுங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பதில் சொல்லவே அன்றைய பொழுது சரியாகப் போயிற்று.

இதற்கிடையில் ஒன்று கண்டுபிடித்தேன். கியர் பெட்டிக்கு மேலே அந்த ஷாஃப்டிலேயே ஒரு சின்னஞ்சிறு தண்ணீர் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் இம்பெல்லர், பூ மாதிரி. எஞ்சின் சூடாகாமல் கடல் தண்ணீரை மேலே ஏற்றுவது அதுதானாம். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "பம்ப் கம்பெனி எனக்கு வேண்டாம்ப்பா, நான் கடலுக்குப் போறேன்" என்று போனவளே, நீ நடுக்கடலில் போனாலும் உனக்குக் கீழே ஒரு பம்ப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. குத்திக்காட்டவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

மேல்மூடியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கொஞ்சம் மணல் கொட்டியது. கூட்டித்தள்ளத் துடைப்பத்தோடு வந்த உன் அம்மாவை அதட்டிவிட்டு, அதை ஒரு டப்பாவில் அள்ளி வைத்திருக்கிறேன். நீ தினமும் நடக்கிற மணல் இல்லையா. உன்னைப் பார்க்காமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது கண்ணு. போனில் இதைச் சொல்ல வாய் வருவதில்லை, மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்றே போய்விடுகிறது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாய், அதிலும் பாதி ஞாயிறு படகில் இருப்பாய். இந்த மோட்டார் வந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் நீயே கூப்பிட்டு "ஷாஃப்ட் வந்துருச்சாப்பா?" என்று கேட்கிறாய். நீ சிரத்தையாகக் கேட்பதால் நானும் சிரத்தையாகத்தான் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே இன்றைய தேதிவரை ஷாஃப்ட் வரவில்லை. எப்போது வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நிலவரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் நீ தினமும் விசாரித்துக்கொள்வது நல்லது. வெயிலில் தொப்பி போட்டுக்கொள். எல்லா நலமும் பெற்று, கடல் உனக்கு எப்போதும் அமைதியாக இருக்க, நம் குலதெய்வம் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
நரசிம்மலு

பின்குறிப்பு: மேக்னா, அம்மா எழுதறேன். கவர் ஒட்டறதுக்குப் பசை தேடி உங்கப்பா உள்ள போயிருக்கார், அதனால வேகமா எழுதறேன். மோட்டார் வந்த அன்னைக்கு சாயங்காலமே அந்தத் துண்டு வந்துருச்சு. சிக்கந்தர் நட்ட வெல்டிங் வெச்சு ரெண்டு தட்டுத் தட்டினான், கழண்டு வந்துருச்சு. தம்பிதுரை வந்தது பக்கத்து ஊட்டு போருக்கு. நம்ம வாசல்ல ஒண்ணும் தொங்கல. வெளக்கெண்ணெய் பாட்டில் அப்படியே இருக்குது. மணல் டப்பா மட்டும் நெசம், சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்குது. ஒடஞ்ச துண்டத் துணில சுத்தி பீரோ மேல வெச்சிருக்கார். தெனமும் நீ கூப்பிடற நேரத்துக்கு முன்னாடியே சட்டை மாத்திட்டுப் போன்கிட்டப் போய் உக்காந்துக்கறார். மோட்டாரத் திங்கக்கெழம லாரில ஏத்தச் சொல்லிருக்கேன். அது அங்க வந்து சேந்து, நீ படகுல மாட்டி ஓட்டினதுக்கு அப்புறமும் சாயங்காலம் கூப்பிட்டு, ஷாஃப்ட் வந்துருச்சாப்பான்னே கேளு கண்ணு. அவர் சொல்லி முடிச்சதும் போன வெச்சுராத. நானும் பக்கத்துலதான் நிக்கறேன்.