கண்ணையன் சாரின் பூஜ்ஜியம்

ஒரே ஒரு பூஜ்ஜியம், மாதம் பதினெட்டாயிரம் ரூபாய். திண்டிவனத்தில் அந்தக் கல்லூரியில் அன்றைய நிலவரம் அதுதான். சரக்குதான் புது கால்பந்து கோச் ஜெகதீசன் கைக்குச் சிக்கவில்லை.

முதல்வர் மலர்விழி பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார்.

"பாருங்க சார். போன வருஷம் கண்ணையன் சார் கோச். நாலு மேட்ச், வாங்குன கோல் பூஜ்ஜியம். நீங்க முதல் மேட்ச்லயே அஞ்சு!"

"டிஃபென்ஸ் கொஞ்சம் பேஜாரு பண்ணுது மேடம்."

"ஜெயிக்கவே வேணாம். வாங்காம வாங்க. கடைசி மேட்ச் விழுப்புரத்தோட. அதுலயாவது பூஜ்ஜியம் இல்லன்னா உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது."

ஜெகதீசன் அசல் கபடிக்காரர். அவர் பிடித்த கணுக்காலை உதறிவிட்டுப் போனவன் மாவட்டத்திலேயே கிடையாது. கால்பந்துக்கு ஆள் கேட்டார்கள். காலைப் பற்றி நமக்குத் தெரியாததா என்று சேர்ந்துவிட்டார். சம்பளத்தை நம்பி வாடகைக்கு வீடும் பிடித்தாயிற்று.

வெளியே வந்ததும் நோட்டீஸ் போர்டில் இருந்த கண்ணையன் சார் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். நாலு மேட்சில் ஒரு கோல்கூட வாங்காதவர் மனுஷனா?

இரண்டாவது மேட்சுக்குத் தடுப்பாட்டக்காரர் நால்வரையும் கபடிச் சங்கிலி மாதிரி கைகோர்த்து நிறுத்தினார். எட்டு கோல்.

"என்னடா ஆச்சு?"

கோல் கீப்பர் அலெக்ஸ் மூக்கில் பஞ்சோடு நின்றான். "ஒருத்தன் வழுக்குனான் சார். கையப் புடிச்சிக்கினு நாலு பேரும் ஒண்ணா சாஞ்சிட்டானுங்க, காத்துல பந்தல் விழுந்தாப்ல. என் மேலதான் விழுந்தாங்க."

மூன்றாவது மேட்சுக்கு யோசனையை மாற்றினார். "அவசரப்படாதீங்கடா. நல்லா உள்ள வரட்டும். திரும்பிப் போறப்ப மொத்தமா அமுக்கிடலாம்."

பதினொன்று.

"ஏன்டா அமுக்கல?"

"அவன் எங்க சார் திரும்புறான்? கோலைப் போட்டுட்டு அங்கயே டான்ஸ் ஆடிக்கினு இருக்கான். சரின்னு அப்பப் போய் அமுக்குனோம். ரெஃப்ரி மூணு பேருக்கு மஞ்சள் அட்டை குடுத்துட்டாரு."

பழைய ஆட்டக்காரர்களைக் கேட்கலாமென்றால் டீமில் அத்தனை பேரும் முதல் வருஷம். வேறு வழியில்லை. கண்ணையன் சார் இப்போது விழுப்புரம் டீமுக்கே கோச். மோதப் போகிற எதிரியிடமே, வெட்கத்தை விட்டுப் போன் போட்டார்.

"சார், நான் உங்க பக்தன். அந்த டிஃபென்ஸ் சூட்சுமத்தைக் கொஞ்சம்..."

"பெரிசா ஒண்ணும் இல்ல தம்பி. எதுக்கும் அவசரப்பட்டுப் பசங்கள எறக்கிடக் கூடாது."

ஜெகதீசனுக்குப் புல்லரித்தது. மறுநாளே பத்துப் பேரையும் ஓடவிடாமல் கோல் கம்பத்துக்கு முன்னாலேயே குவித்து நிறுத்திப் பயிற்சி. பந்து எங்கே வருகிறதென்றே அலெக்ஸுக்குத் தெரியவில்லை. எதிரணியே இல்லாத அந்தப் பயிற்சியில் சொந்தக் கோல் மட்டும் ஆறு.

"சார், எவனும் முன்னால நிக்காம இருந்தா நானே ரெண்டு புடிப்பேன்" என்றான் அலெக்ஸ்.

"கண்ணையன் சார் சொல்லுக்கு மேல பேசாதடா!"

விழுப்புரம் மைதானம். மதியம் மூன்று மணி. பத்துப் பேரும் கோல் முன்னால் மாநாட்டுக் கூட்டம் மாதிரி நின்றார்கள்.

மூன்றே கால். எதிரணியைக் காணோம்.

மூன்றரை. ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார், விசில் ஊதினார், தாளில் எழுதினார். விழுப்புரம் வரவில்லை, திண்டிவனம் வெற்றி. வாங்கிய கோல்: பூஜ்ஜியம்.

பசங்கள் ஜெகதீசனைத் தூக்கிவிட்டார்கள். வேலை தப்பியது. ஆனாலும் தோளில் உட்கார்ந்திருந்தவருக்கு மனசு ஒப்பவில்லை. அவ்வளவு பெரிய மனுஷன் ஒரு மேட்சை இப்படி விடுவாரா? இறங்கி, மைதானத்தைக் கூட்டிக்கொண்டிருந்த இருதயமேரியிடம் ஓடினார்.

"ஏம்மா, கண்ணையன் சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவருக்கென்ன சார், கல்லாட்டம் இருக்காரு. அவரு தெறமை யாருக்கு வரும்!" இருதயமேரி விளக்குமாற்றை இடுக்கிக்கொண்டு பெருமையாக விரல் மடக்கினாள். "போன வருஷம் உங்க ஊர்ல நாலு மேட்ச், இங்க இன்னியோட நாலு. ஆக மொத்தம் எட்டு. ஆடப் போனது பூஜ்ஜியம், வாங்குன கோலு பூஜ்ஜியம்."