பனி பார்த்த மத்தியாஸ் அண்ணன்

பனியிலேயே வாழ்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களால் நமக்குத் தொந்தரவு இல்லை. பனியைப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் நாம்தான். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று எங்கள் மலேசிய ஈப்போவில் திரிகிறது: பனியை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தவர். வாசகரே, இவரிடம் 'இன்னிக்கு வெயில் ஜாஸ்தி' என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். திறந்தால் தொலைந்தீர்கள்.

எங்கள் புந்தோங் வட்டாரத்து மத்தியாஸ் அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொசுக்கடியில் வளர்ந்து, ஈப்போவுக்கு வந்து ஃபேக்டரியில் மெஷின் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். அவர் உடம்பு கண்டதெல்லாம் வெயிலும் மழையும்தான். நடுவில் எந்தக் காலத்திலோ கம்பெனிக்காரன் பயிற்சிக்கென்று இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தான். ஒரு குளிர்காலம். அதிலும் பாதியை மூக்கொழுகப் போர்வைக்குள் கழித்தார் என்பது அவர் மனைவி ஆலிஸ் அக்கா தரும் தகவல். அண்ணன் சொல்லும் கதையில் மூக்கு வராது. வெள்ளை வெளேரென்ற சாலை வரும், வாயைத் திறந்தால் புகை வரும், 'ஐயோ, அந்த அமைதி!' வரும்.

டிசம்பர் பிறந்ததும் அவர் வீட்டு ஏர்கோன் பதினாறு டிகிரிக்கு இறங்கிவிடும். வாழ்த்துச் சொல்லப் போனவர்கள் பல் கிட்டித்து, கையிலிருக்கும் முறுக்கைக் கடிக்கிறார்களா நடுங்குகிறார்களா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது, அண்ணன் ஜன்னல் வழியாகச் சுண்ணாம்பு மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, 'அங்கெல்லாம் இந்நேரம்...' என்று தொடங்குவார். 'அங்கெல்லாம்' என்று காதில் விழுந்தால் எங்கள் சந்தில் எல்லாரும் கலைந்து போய்விடுவோம்.

ஆலிஸ் அக்காவுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அச்சுமுறுக்கு சுட்டு, நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் சமைத்து நீட்டுகிற அந்த மனுஷிக்கு, தட்டு கையில் இருக்கும்போதே புருஷன் 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். சொல்வாரா? பனி பெய்யாத ஊரில் எப்படிச் சொல்வார்?

போன கிறிஸ்மஸில் அது நடந்துவிடும் என்று அக்கா நம்பினார். தேவாலயத்துக் கேரல் குழு வீடு வீடாகப் பாடிவிட்டுக் கடைசி வீட்டில்தான் உட்கார்ந்து சாப்பிடும். முதல் தடவையாக அந்தக் கடைசி வீடு இவர்களுடையது.

"இந்த வருஷம் நான் கொறையே சொல்லமாட்டேன் ஆலிஸ். பனி வரப்போகுது" என்றார் அண்ணன்.

எங்கிருந்து? பிறந்தநாள் விருந்துகளுக்கு நுரை மெஷின் வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து!

"சாயங்காலம் மழை வரும்லா, அண்ணே" என்றேன். டிசம்பரில் ஈப்போ வானம் எப்போது திறக்கும் என்று கோழிக்குக்கூடத் தெரியும்.

"கிறிஸ்மஸுக்கு மழையா? அங்கெல்லாம்..."

நான் கலைந்து போனேன்.

மழை வந்தது. கடைக்காரன் கொடுத்த நுரைத் தண்ணீர் போதாதென்று பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு போத்தல் முழுக்க மெஷினில் ஊற்றியிருந்தார் அண்ணன். வாசலில் கிளம்பிய நுரை மழையோடு சேர்ந்து கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, லோங்காங் சாக்கடையில் இறங்கி, சந்து முழுக்கக் கொழகொழவென்று ஓடியது. அந்த நேரம் பார்த்துக் கேரல் லாரி வந்து நின்றது. முதலில் இறங்கியவர் கிறிஸ்மஸ் தாத்தா. வேஷத்துக்குள்ளே இருந்தவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற பத்துமலை அண்ணன்; இந்தப் பக்கத்தில் இந்த வேஷத்துக்குத் தொப்பைதான் தகுதி, மதம் அல்ல. கேட்டருகே கால் வைத்தார். அடுத்த நொடி மல்லாந்து, மணியை ஆட்டிக்கொண்டே, சறுக்கிக்கொண்டு போய் வாசற்படியில் முட்டி நின்றார்.

"டேய் மத்தியாஸ்! என்னாடா ஊத்தி வச்சிருக்க?"

"பனி, மச்சான்."

"எலுமிச்சம்பழ வாசம் அடிக்குதுடா!"

அப்புறம் யாரைப் பிடிப்பது? சந்துப் பிள்ளைகள் எல்லாம் சறுக்க வந்துவிட்டன. கேரல் குழு ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி உள்ளே வந்து, நனைந்த தலையோடு பாடி, சிரித்து, மறுபடி பாடி, சட்டியில் ஒட்டியிருந்த கறி வரை வழித்துச் சாப்பிட்டது. அப்படி ஒரு ராத்திரியை எங்கள் சந்து பார்த்ததில்லை.

அக்கா அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். "எப்படிங்க இருக்கு?"

அண்ணன் மென்று முடித்தார். மழையைப் பார்த்தார்.

"எல்லாம் ஓக்கேலா. ஆனா அசல் பனியில விழுந்தா இவ்ளோ சத்தம் வராது, ஆலிஸ்."

இந்த வருஷமும் கேரல் குழு வந்தது. நுரை கிடையாது, மழையும் சீக்கிரமே விட்டுவிட்டது, வந்தவர்கள் எல்லாரும் இரண்டு கால்களில் நின்றே பாடினார்கள். அண்ணன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"என்னா கிறிஸ்மஸ் இது? போன வருஷம் எப்படி இருந்துச்சி! அந்த மழை, அந்த நொரை, பத்துமலை சறுக்குன சறுக்கு... அந்த ஆட்டுக்கறி! அந்த ருசி இனிமே வருமா?"

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"நல்லா இருந்துச்சாங்க?"

"நல்லாவா? அந்த மாதிரி ஒன்னு நான் அங்ககூடப் பார்த்ததில்ல!"

எனக்கு அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அக்கா அழவில்லை. இன்னொரு கரண்டி கறியை அள்ளி அவர் தட்டில் வைத்தார்.

"சாப்பிடுங்க. அடுத்த வருஷம் இது ருசியா இருக்கும்."

வாசகரே, சிரிக்கிறீர்கள். சந்தோஷம். 'கேலி என்றால் அந்தக் காலத்தில் எழுதினார்களே, அதுதான் கேலி' என்றும் ஒரு பக்கம் நினைக்கிறீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். இப்போது கொஞ்சம் தலையை நிமிர்த்துங்கள். எதிரில் யாரோ தட்டை வைத்துவிட்டு, உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.