எடுத்துக்கொடுக்கும் பெரியப்பா

ஆண்டவன் சிலருக்கு இரக்கத்தை நெஞ்சில் வைக்க மறந்து, விரல் நுனியில் வைத்துவிட்டான். அவர்கள்தான் எடுத்துக்கொடுப்பவர்கள். நீங்கள் இருமினால் தண்ணீர் வரும், கொட்டாவி விட்டால் தலையணை வரும், வேண்டாம் என்று வாய் திறப்பதற்குள் அதற்கும் ஒரு கைக்குட்டை வரும். வீட்டுக்கு ஒருவர் நிச்சயம்.

குட்டியின் வீட்டில் அவர் பெரியப்பா. குட்டியின் அம்மாவுக்கும் அவர் பெரியப்பாதான்; அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

குட்டிக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. கைகால் சொன்ன பேச்சை மெதுவாகத்தான் கேட்கும். வாய்ப்பேச்சு இன்னும் வரவில்லை. அவளுக்காக வாரந்தோறும் பயிற்சி டீச்சர் வீட்டுக்கே வருகிறார். சிவப்புப் பந்தைக் கைக்கு எட்டாமல் ஸ்டூலில் வைப்பார். பிறகு சும்மா உட்கார்ந்திருப்பார். பிள்ளை தானாகவே கை நீட்டி, ஏதாவது சத்தம் போட்டுக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

பெரியப்பாவுக்கு இது பொறுக்குமா? பிள்ளை பந்தைப் பார்க்கிறது, மூக்கைச் சுருக்குகிறது, தோள் அசைகிறது, விரல் விரிகிறது, அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இதோ என்கிற நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வருகிறது. பந்து குட்டியின் மடியில். பாடம் குப்பையில்.

“பெரியப்பா!” என்று அலறினாள் அம்மா.

“என்னம்மா? பந்துதானே கேட்டா?”

“எங்க கேட்டா? கேக்க வைக்கத்தானே இவ்வளவு பாடு!”

“கண்ணால கேட்டாளே. உனக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது.”

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, நீங்க இருக்கிற வரைக்கும் இவ எதுக்குப் பேசணும்?”

அன்று பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் தாமாகவே வந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். உதடு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டது. குட்டி பந்தைப் பார்த்தாள். ‘இந்த மனுஷனுக்கு இன்றைக்கு என்ன வந்தது?’ என்பதுபோல் பெரியப்பாவைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் முகம் சிவந்தது. கை எழும்பியது, பாதியில் விழுந்தது, மறுபடி எழும்பியது.

“த்தா!”

அம்மா அழுதேவிட்டாள்.

“இப்பக் குடுங்க ஐயா, சீக்கிரம்!” என்றார் டீச்சர்.

எங்கே கொடுப்பது? கை இரண்டும் மரத்துக் கிடந்தன. வாழ்நாளெல்லாம் கேட்காதவர்களுக்குக் கொடுத்தவர், கேட்ட பிள்ளைக்கு முன்னால் விரலை மடக்கத் தெரியாமல் விழித்தார். குட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

“த்தா! த்தா!”

இந்தத் திட்டைப் போல இனிப்பான திட்டு அந்த வீடு கேட்டதில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் பிள்ளையின் கை பாதியில் விழுந்தபோது, உங்கள் கை எங்கே இருந்தது?